நாளையிலிருந்து அரை லிட்டர் போதும்

தமிழ் நாவல்களை மர்மப் படங்களாக்கும் இயக்குநர்களுக்கும், திரைக்கதை ஆசிரியர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் சென்னை மேற்கு மாம்பலத்தில் வசிக்கும், கணக்குத் தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன். திரைத்துறையோடு எனக்குள்ள தொடர்பு டிக்கெட் வாங்கிப் படம் பார்ப்பது மட்டுமே. மர்மக் கதைகளோடு உள்ள தொடர்பு இன்னும் கொஞ்சம் நெருக்கமானது. பள்ளி நாட்களில் வாடகை நூலகத்தில் தொடங்கி இன்றுவரை விடாமல் தொடர்கிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், கல்லூரி முதலாண்டில் நான் வாராவாரம் காத்திருந்து படித்த ஒரு தொடர்கதையின் திரை வடிவத்தை, என் தம்பி மகளையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அந்தப் படத்தின் பெயரையும் அதை எடுத்தவர்களின் பெயரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. அதில் நேர்ந்த ஒரு பிழை இனி எடுக்கப்படும் படங்களிலும் நேரக்கூடியது என்று தோன்றுவதால், உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுகிறேன். நாவலில் கொலை செய்தவர் யார், படத்தில் செய்தவர் யார் என்பதையும் சொல்லப் போவதில்லை. இருவரும் ஒருவரல்லர் என்பதை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். என் வழக்கே அதைப் பற்றியதுதான்.

கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நாவல் நடப்பது மயிலாப்பூரில், எட்டுக் குடித்தனங்கள் கொண்ட ஒரு பழைய ஸ்டோர் வீட்டில். நடுவில் முற்றமும் கிணறும் உண்டு. வாசலையொட்டிய அறையில், வட்டிக்குப் பணம் கொடுக்கும் முதியவர் ஒருவர் தனியாக வசிக்கிறார். ஒரு நாள் விடிகாலையில் அவர் இறந்து கிடக்கிறார். ஒருவர் தும்மினால் எட்டுக் குடித்தனத்துக்கும் கேட்கிற அந்த வீட்டில், யார் காதிலும் விழாமல் ஒரு கொலை எப்படி நடந்தது என்பதுதான் முடிச்சு. முதியவர் இரவில் சோறு உண்பதில்லை, பால்தான். அவருக்கும் பக்கத்துக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டர் வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். ஒன்பதாவது வாரத்தில், எல்லோருக்கும் பால் வாங்கிவரும் பையன் கொலைக்கு முந்தைய மாலையை நினைவுகூர்கிறான். மழை வரும்போலிருந்ததைச் சொல்கிறான், கிணற்றுக் கயிறு அறுந்ததைச் சொல்கிறான், மாடிக் குடித்தனத்துக்கு விருந்தாளி வந்ததைச் சொல்கிறான். இவற்றுக்கு நடுவே, ஒருவர் தன்னிடம் ‘நாளையிலிருந்து அரை லிட்டர் போதும்’ என்று சொன்னதையும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான்.

அவ்வளவுதான், ஒரே வரி. பாதிப் பாலைக் குடிப்பவர் நாளை இருக்கமாட்டார் என்பது முந்தைய மாலையே தெரிந்திருந்த ஒருவர், கைப்பழக்கமாகச் சிக்கனம் பார்த்ததால் வாயிலிருந்து வழுக்கி விழுந்த வரி. பக்கத்துக் குடித்தனத்தில் நால்வர் இருந்தார்கள், வந்துபோகிறவர்களும் உண்டு. ஆகையால் அந்த வரியைப் படித்ததனால் மட்டும் யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. எங்கள் வீட்டில் என் தாயார், அத்தை, நான் ஆகிய மூவரும் அதைப் படித்தோம். மூவரும் அதைத் தாண்டிப் போனோம். அறுந்த கிணற்றுக் கயிற்றைப் பற்றித்தான் அந்த வாரம் முழுக்க வாதம் செய்துகொண்டிருந்தோம். கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய வாரத்தில் துப்பறிபவர் அந்தப் பையனைக் கூப்பிட்டு, ‘அன்றைக்கு எத்தனை லிட்டர் வாங்கச் சொன்னார்கள்?’ என்று கேட்டபோது, அத்தை பத்திரிகையை மடியில் போட்டுவிட்டு, பழைய இதழ்க் கட்டை எடுத்துவரச் சொன்னார். வரி அங்கேயே இருந்தது. எங்களை யாரும் ஏமாற்றவில்லை, நாங்களாகத்தான் ஏமாந்திருந்தோம். மர்மக் கதை வாசகனுக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி படத்துக்கு வருகிறேன். கதை இக்காலத்துக்கு, பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டிருந்தது. பால் வாங்கும் பையனுக்குப் பதிலாகக் கைப்பேசிச் செயலி வந்திருந்தது. ஒரு விரல், திரையில் ஒரு லிட்டர் என்றிருப்பதை அரை லிட்டர் என்று மாற்றுகிறது. கேமரா அங்கே ஒரு கணம் நின்று நகர்கிறது. நான் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாவலை எழுதியவர் எங்கே ஒளித்து வைத்தாரோ, அதற்கு இணையான இடத்தை இயக்குநர் இக்காலத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டார் என்று மனமாரப் பாராட்டினேன். ஆனால், கொலையாளி மாற்றப்பட்டிருந்தார். படம் வெளியாவதற்கு முன் வந்த பேட்டிகளில், நாவலைப் படித்தவர்களாலும் ஊகிக்க முடியாத முடிவு என்று பெருமையாகச் சொல்லப்பட்டதை நான் விளம்பரப் பேச்சு என்று நினைத்திருந்தேன். உண்மையாகவே மாற்றிவிட்டார்கள். புதிய கொலையாளிக்கும் அந்தப் பாலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதியவர் பால் குடிப்பார் என்பதே அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அப்படியானால் அளவைக் குறைத்த விரல் யாருடையது, ஏன் குறைத்தது என்பதற்குப் படத்தில் பதிலே கிடையாது.

நாவலைப் படித்த கர்வத்தில் நான் குறை காண்பதாக நீங்கள் எண்ணக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன். என் தம்பி மகள் அந்த நாவலைப் படித்தவள் அல்லள். நான் எதையும் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. திரும்பி வரும் வழியில் பேருந்தில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, ‘பெரியப்பா, அந்தப் பால் ஆர்டரைக் குறைச்சது யாரு? அதை எதுக்குக் காட்டினாங்க?’ என்பதுதான். நாவலைப் படித்த சில ஆயிரம் பேரை ஏமாற்றுவதற்காகச் செய்த மாற்றம், படிக்காத பெருங்கூட்டத்துக்குப் பொருந்தாத கணக்கைக் கொடுத்திருக்கிறது. தணிக்கையில் இருந்தவன் என்பதால் எனக்கு இது பழக்கமான காட்சி. மொத்தத் தொகையை மட்டும் மாற்றிவிட்டு, மேலே உள்ள வரவுகளை அப்படியே விட்டுவைத்த பேரேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. கொலையாளி யார் என்று தெரிந்தவன் எதற்காகத் திரையரங்குக்கு வருவான் என்பதுதான் அந்த அச்சம். அதற்கு என் தாயாரின் பழக்கத்தைப் பதிலாகச் சொல்லலாம். அந்தத் தொடரின் பக்கங்களை அவர் இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து, பைண்டு செய்து வைத்திருந்தார். எனக்குத் தெரிந்தே நான்கைந்து முறை திரும்பப் படித்தார். முடிவு தெரிந்த கதையைத் திரும்ப ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது, ‘தெரிஞ்சப்புறம் படிச்சாத்தானேடா எங்கெங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு பாக்கலாம்’ என்றார். பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதான் நம் ஊர்களில் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார்கள். நாவலைப் படித்துவிட்டு வருகிறவன் உங்களுடைய மிகக் கூர்மையான பார்வையாளன். ‘அந்த இடத்தை எப்படிக் காட்டியிருப்பார்கள்?’ என்ற கேள்வியோடு அவன் வருகிறான். அவனுக்கு அதுவே போதுமான மர்மம்.

‘எப்படிக் காட்டியிருப்பார்கள்’ என்பது சாதாரணக் கேள்வி இல்லை என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. எழுத்தில் ஒளிப்பதற்குத் தமிழ் மொழியே பல இடுக்குகளைத் தந்திருக்கிறது. ‘வந்தான்’ என்றால் ஆண், ‘வந்தாள்’ என்றால் பெண், வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘வந்தார்’ என்று எழுதிவிட்டால் போதும், மரியாதைப் பன்மை ஆணையும் பெண்ணையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடும். அதுவும் போதாதென்றால் ‘அந்த உருவம் சுவரோரமாக நகர்ந்தது’ என்று எழுதி அஃறிணைக்கே கொண்டுபோய்விடலாம். நம் மர்மக் கதைகளில் எத்தனை உருவங்கள் எத்தனை சுவரோரங்களில் நகர்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த உத்தி வேலை செய்ததால்தான் அத்தனை முறை பயன்பட்டது. நான் சொல்லும் நாவலில் முதியவரின் கதவைத் தட்டியவர் ‘அவர்’ என்று மட்டுமே குறிப்பிடப்படுகிறார். எட்டுக் குடித்தனத்திலும் வயது வந்த எவரும் அந்த ‘அவர்’ ஆக இருக்கலாம்.

கேமராவுக்கு மரியாதைப் பன்மை தெரியாது. அது ஒருவரைக் காட்டினால் உயரம், நடை, கையின் பருமன் எல்லாம் தெரிந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு நம் படங்கள் கண்டுபிடித்திருக்கும் தீர்வு தலைமுடியையும் மறைக்கும் மழைக்கோட்டும் கறுப்புக் கையுறையும்தான். நான் பார்த்த படத்திலும் அவை இருந்தன. கதை நடப்பது சென்னையில் மே மாதம் என்று வசனத்தில் வருகிறது. கத்திரி வெயிலில், குளிரூட்டி இல்லாத மாடிப்படியில், மழைக்கோட்டும் கையுறையும் அணிந்து ஒருவர் ஆறு மாடி ஏறுகிறார்! கொலை செய்யும் முன்பே அவர் மயங்கி விழுந்திருப்பார் என்று எனக்குப் பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார், அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு பயம் திரும்பி வரவே இல்லை. தட்டும் ஓசையை மட்டும் கேட்கச் செய்து, உள்ளேயிருந்து கதவைத் திறக்கும் முதியவரின் முகத்தில் தோன்றும் அடையாளம் கண்ட புன்னகையை மட்டும் காட்டியிருந்தால், நாவலின் ‘அவர்’ திரையிலும் கிடைத்திருப்பார். நான் திரைக்கதை எழுதத் தெரிந்தவன் இல்லை. இதைவிடச் சிறந்த வழி உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

இடத்தை மாற்றியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டுக் குடித்தன வீடுகளை இன்று மயிலாப்பூரில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதையும், படப்பிடிப்புக்கு அடுக்குமாடியே வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் எல்லாம் கேட்கும் வீட்டில் சத்தமில்லாத கொலை என்பது ஒரு புதிர். யாருக்கும் யார் வீட்டுச் சத்தமும் கேட்காத அடுக்குமாடியில் அது புதிரே இல்லை. இடத்தை மாற்றியவர்கள் புதிரையும் அந்த இடத்துக்கு ஏற்ப மாற்றியிருக்க வேண்டும். அங்கே சத்தத்துக்குப் பதில் கண்காணிப்புக் கேமராவும், வாசல் காவலரின் வருகைப் பதிவேடும் இருக்கின்றன. காதுகள் நிறைந்த வீட்டுக்கு இணையாகக் கண்கள் நிறைந்த வீடு. அந்தத் திசையில் படம் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை.

தொடர்கதையாக வந்த நாவலுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. 24 வாரங்கள் வந்த கதையில் 23 இடங்களில் ‘தொடரும்’ என்ற சொல் இருக்கும். ஒவ்வொரு ‘தொடரும்’ சொல்லுக்கும் பின்னால் ஏழு நாட்கள் இருந்தன. அந்த ஏழு நாட்களில் கதையின் பாதி எங்கள் வீட்டுக் கூடத்திலும், குழாயடியிலும், கல்லூரிப் பேருந்திலும் நடந்தது. என் அத்தை மூன்று பேர் மீது மாறிமாறிச் சந்தேகப்பட்டு, கடைசியில் துப்பறிபவர் மீதே சந்தேகப்பட்டார். திரைக்கு வரும்போது அந்த 23 இடங்களும் போய், இடைவேளை என்ற ஒரே ஒரு ‘தொடரும்’ மிஞ்சுகிறது. அதற்கும் கால் மணி நேரம்தான், அதிலும் பாதி பாப்கார்ன் வரிசையில் கழிந்துவிடும். நாவலின் எந்த வாரத்தின் முடிவை இடைவேளைக்குத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் வாசிப்பு எங்களுக்குத் தெரியும். இந்தப் படத்தில் இரண்டாவது சடலம் கிடைப்பதில் இடைவேளை விட்டார்கள். நாவலில் இரண்டாவது சடலமே கிடையாது.

மாற்றவே கூடாது என்று வாதிடுபவன் நான் இல்லை. தமிழில் மர்ம நாவல்கள் படமானது நேற்றைக்குத் தொடங்கியதன்று. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935இலேயே திரைக்கு வந்துவிட்டது. அவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலைத்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்று எடுத்தது, எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் வந்ததை என் தந்தையார் கடைசிவரை சொல்லிச் சொல்லி வியந்துகொண்டிருந்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1951இல் ஆர். எஸ். மனோகரை அறிமுகம் செய்தது. சுஜாதாவின் ‘காயத்ரி’ 1977இலும் ‘பிரியா’ 1978இலும் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ 1981இலும் படங்களாயின. ராஜேந்திரகுமாரின் ஒரு நாவலிலிருந்து பாலு மகேந்திரா எடுத்துக்கொண்டதுதான் 1980இல் வந்த ‘மூடுபனி’. அண்மையில், ராஜேஷ்குமாரின் நாவலை வைத்து 2017இல் ‘குற்றம் 23’ வந்தது. இவற்றுள் மாற்றம் செய்யாத படம் ஒன்றுகூட இராது. ‘பிரியா’ நாவலின் லண்டன், படத்தில் சிங்கப்பூர் ஆயிற்று. வழக்கறிஞர் கணேஷுக்குப் பாட்டும் சண்டையும் வந்து சேர்ந்தன. கணேஷ் பாடுவதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை என்பது என் சொந்தப் பிரச்சினை, அதை உங்கள் தலையில் சுமத்தமாட்டேன்.

மாற்றத்தைப் பற்றி யோசிக்கும்போது இரண்டு படங்கள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்த நாவல். கொலையைச் செய்தது யார் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. கொலை நடந்த கையோடு சிறுவனும் தந்தையும் காட்டுக்குள் ஓடுவதில்தான் கதை தொடங்குகிறது. பிடிபடுவார்களோ என்ற பதைப்பை அடுத்தடுத்த நாட்களின் பசியிலும் தண்ணீரிலும் தூக்கத்திலும் எழுதியிருப்பார். வெற்றிமாறன் அதை 2019இல் ‘அசுரன்’ என்று எடுத்தபோது, தந்தையின் இளமைக் காலம் என்று நாவலில் இல்லாத ஒரு பெரும்பகுதியையே சேர்த்தார். நாவலை விரும்பியவர்களில் அதைப் பற்றிக் குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கும் முதலில் நெருடியது. ஆனால் தந்தையும் மகனும் ஓடுகிற அந்த ஓட்டம் குலையவில்லை; சேர்த்த பகுதி, தந்தை ஏன் அவ்வளவு பொறுமையாக இருக்கிறார் என்ற கேள்விக்குப் பதிலாக அமைந்தது. கதையின் எலும்பு எது, சதை எது என்று தெரிந்து செய்த மாற்றம் அது.

இரண்டாவது, ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’. போய்லோ, நார்ஸெஜாக் என்ற இரு பிரெஞ்சு எழுத்தாளர்கள் சேர்ந்து 1954இல் எழுதிய நாவலின் திரை வடிவம் அது. படம் 1958இல் வந்தது. நாவலில் ஒரு பெண்ணைப் பற்றிய உண்மை கடைசிவரை காப்பாற்றப்பட்டு, முடிவில்தான் வெடிக்கிறது. ஹிட்ச்காக் அந்த உண்மையை மாற்றவில்லை, சொல்லும் நேரத்தை மாற்றினார். படம் முடிவதற்கு வெகு முன்பே பார்வையாளருக்கு அதைச் சொல்லிவிட்டார். கதாநாயகனுக்கு மட்டும் தெரியாது. அதற்குப் பிறகு, இவனுக்கு எப்போது தெரியும், தெரிந்தால் என்ன செய்வான் என்று நாம் பதறிக்கொண்டிருக்கிறோம். நாவலைப் படித்தவரும் படிக்காதவரும் அந்த நொடியிலிருந்து ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். படித்தவர்களை என்ன செய்வது என்று கவலைப்படும் உங்களுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடைக்காது. எங்கள் பால் கதையையே எடுத்துக்கொண்டால், அரை லிட்டர் போதும் என்று சொன்னவர் யார் என்பதைப் படத்தின் பாதியிலேயே காட்டிவிட்டு, அந்த வரியின் பொருள் பையனுக்கு எப்போது விளங்கும், விளங்கினால் அந்தப் பையனுக்கு என்ன ஆகும் என்று எங்களைத் தவிக்க விட்டிருக்கலாம். நாற்பது ஆண்டுகளாக முடிவு தெரிந்த நானும் இருக்கையின் நுனிக்கு வந்திருப்பேன்.

சட்டத்தையும் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது, சுருக்கமாகவே பேசுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் தம் படைப்பு தம்முடையது என்று கோரவும், தம் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் எழுத்தாளருக்கு உரிமை தருகிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, தம் ‘ஆப் கா பண்ட்டி’ நாவல் படமாக்கப்பட்ட விதத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, தில்லி உயர்நீதிமன்றம் 1986இல் இந்தப் பிரிவை விரிவாக ஆராய்ந்தது. எழுத்து திரைக்கு மாறும்போது சில மாற்றங்கள் தேவைப்படும். ஆனால் அவை மூலத்தை முற்றிலும் வேறொன்றாக மாற்றிவிடக் கூடாது என்பதே அங்கே சொல்லப்பட்டதன் சாரம். நான் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுப்பதற்காக இதை நினைவூட்டவில்லை. நான் சொல்லும் நாவலை எழுதியவர் இன்று நம்மிடையே இல்லை. தம் கொலையாளியைக் காப்பாற்ற அவரால் வர முடியாது. வாசகர்கள் வந்திருக்கிறோம்.

அவருடைய பெயர் படத்தில் எங்கே வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். கடைசியில், விளக்குகள் எரிந்து, பாதிப் பேர் படியிறங்கிய பிறகு, கேமரா உதவியாளர்களுக்கும் வாகன ஓட்டுநர்களுக்கும் நன்றி சொல்லும் பட்டியலுக்கு அருகில் ஓடியது. நாவலின் தலைப்பு வரவே இல்லை. தொடக்கத்தில் போட்டால் யாராவது கைப்பேசியில் தேடி முடிவைத் தெரிந்துகொள்வார்கள் என்ற அச்சமோ என்னவோ. அந்தத் தொடர் நூலாக ஒரே ஒரு பதிப்புதான் வந்தது என்று நினைவு. பழைய புத்தகக் கடைகளில் பல ஆண்டுகளாகத் தேடியும் இரண்டாவது பிரதி எனக்குக் கிடைத்ததில்லை. மலிவுத் தாளில் அச்சாகி, வாடகை நூலகங்களில் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோன நாவல்கள் இப்படி எத்தனையோ. கதை உரிமையை வாங்கும்போது, படம் வெளியாகும் வாரத்தில் நாவலும் கடைகளில் இருக்கும்படி ஒரு பதிப்பகத்தோடு பேசி வைப்பதற்கு ஆகும் செலவு, நீங்கள் ஒரு பாடலுக்கு அரங்கம் அமைக்கும் செலவில் தூசு. படத்தைப் பார்த்த பிறகு நாவலைப் படிக்க விரும்பிய என் தம்பி மகளைப் போன்றவர்களுக்கு இன்று நான் ஒருவன்தான் நூலகம்.

ஆகவே என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் தொடக்கத்திலேயே, படிக்கும் அளவுக்கு நேரம் கொடுத்துக் காட்டுங்கள். முடிவை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று தோன்றினால், முதல் காட்சியிலிருந்து திரும்ப எழுதுங்கள். புதிய கொலையாளிக்கு என்று ஒரு புதிய ‘அரை லிட்டர்’ வரியைக் கண்டுபிடித்து, அதை எங்கள் கண்முன்னே வைத்தே மறையுங்கள். அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை என்றால், எழுதியவரின் கொலையாளியையே விட்டுவையுங்கள்.

அந்தப் பைண்டு செய்த தொகுதி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மறுபதிப்புக்கோ, வேறு எவரேனும் அதைத் திரும்பப் படமாக்கும் எண்ணத்துக்கோ தேவைப்பட்டால் தர ஆயத்தமாக உள்ளேன். நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. முதல் வாரத்தின் தலைப்புப் படம் பாதி கிழிந்திருக்கிறது, பதினேழாவது வாரம் இல்லவே இல்லை. அதை அத்தை யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டார். ஒன்பதாவது வாரம் முழுதாக இருக்கிறது. பால் பற்றிய வரிக்குப் பக்கத்தில் என் தாயார் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார்; நகலெடுப்பவர்கள் அதை அழிக்காமல் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் வாசகன்
சென்னை